தேதி இல்லாத மதிப்பெண் தாள்: ஒரு பில்லிங் மென்பொருள் குழு 2023-இல் வேலைகளை வரிசைப்படுத்திய விதம்

பின்னணி

கோயம்புத்தூரில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் அது. திருப்பூர், ஈரோடு வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளுக்கும் நிட்டிங் யூனிட்டுகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பில்லிங்கும் ஜாப்வொர்க் (வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் வேலை) கணக்கும் சேர்ந்த ஒரு மென்பொருளை விற்கிறார்கள். 2023-இல் ஏறத்தாழ 400 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். டெவலப்பர்கள் ஆறு பேர், சப்போர்ட்டில் நான்கு பேர், டெஸ்டிங்குக்கு ஒருவர். விற்பனையை இருவர் பார்த்தார்கள். பெரிய வாடிக்கையாளர்களிடம் நிறுவனரே நேரடியாகப் பேசுவார். புராடக்ட் மேனேஜர் என்ற பொறுப்பு அந்த ஆண்டுதான் உருவானது. பல வருடம் சப்போர்ட்டில் இருந்த ஒரு பெண்ணை அதில் அமர்த்தினார்கள். நான் ஆலோசகராக அவர்களுடைய திட்டமிடல் கூட்டங்களில் இருந்தேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் துணி ஓரிடத்தில் நிற்பதில்லை. நூலாக வாங்கியது நிட்டிங்குக்குப் போகும், அங்கிருந்து சாயத்துக்கு, பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் டெலிவரி சலான் உண்டு. ஜாப்வொர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கட்ட வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு. எந்த லாட் எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ நிற்கிறது என்று காட்டியதால்தான் இந்த மென்பொருள் விற்றது. பில்லிங் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பகுதி. குழுவின் மனதிலும் அந்த வரிசைதான் இருந்தது.

இ-இன்வாய்ஸ், அதாவது ஒவ்வொரு பில்லையும் அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்கும் ஜிஎஸ்டி முறை, 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே அக்டோபரில் 10 கோடி என்று வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. 10 கோடி வந்தபோது குழு ஒரு சிறு வசதியைச் செய்து முடித்திருந்தது. பில்லை ஜேசான் என்ற தரவுக் கோப்பாக இறக்கி, பயனரே அரசு போர்ட்டலில் ஏற்றி, ஐஆர்என் எனப்படும் பதிவு எண்ணும் கியூஆர் கோடும் வாங்கிக்கொள்ள வேண்டும். 10 கோடிக்கு மேலிருந்த வாடிக்கையாளர்கள் மிகச் சிலர். அவர்களிடம் முழுநேரக் கணக்காளர்கள் இருந்ததால் பெரிய புகார் எழவில்லை. உள்ளே எல்லோரும் இ-இன்வாய்ஸை ‘முடிந்த வேலை’ என்று எண்ணியிருந்தார்கள்.

2023 மே 10 அன்று அறிவிக்கை வந்தது: ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. கையில் பன்னிரண்டு வாரம்கூட இல்லை.

மே மாதத்துப் பட்டியல்

அந்தக் காலாண்டுக்கு வரிசையில் நின்ற வேலைகளில் பேசத் தகுந்தவை ஐந்து. முதலாளிகள் கைப்பேசியில் லாட் நிலவரம் பார்க்க ஒரு ஆப். விற்பனைப் பிரிவு ஒரு வருடமாகக் கேட்டுவந்தது. மாதக் கடைசியில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் திறக்கப் பல நிமிடம் ஆவதைச் சரிசெய்வது. சப்போர்ட்டுக்கு அதிக அழைப்பு வந்தது இதற்குத்தான். சாயத்தில் லாட்வாரியாக எவ்வளவு எடை குறைகிறது என்ற அறிக்கை. மிகப்பெரிய வாடிக்கையாளர் கேட்டார், ஜூன் இறுதிக்குள் தருவதாக நிறுவனர் வாய் வார்த்தை கொடுத்துவிட்டார். கம்பெனிச் சட்ட விதிப்படி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியிருந்த, கணக்குத் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எடிட் லாக். கடைசியாக, இ-இன்வாய்ஸை மென்பொருளிலிருந்தே நேரடியாக அனுப்பும் ஏபிஐ இணைப்பு.

முந்தைய காலாண்டில் மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (தேவை), குட் (முடிந்தால்), வோன்ட் (இம்முறை இல்லை) என்று நான்காகப் பிரிக்கும் மாஸ்கோ முறையை முயன்று பார்த்திருந்தார்கள். கேட்டவர் ஒவ்வொருவரும் தன்னுடையதை மஸ்ட் என்றார்; கூட்டம் முடிந்தபோது பட்டியலில் பெரும்பகுதி மஸ்டாகவே இருந்தது. ஆகவே இந்த முறை ரைஸ் மதிப்பெண். எத்தனை பேரைத் தொடுகிறது, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன், கணிப்பில் எவ்வளவு நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி, எத்தனை ஆள்-மாத உழைப்பு என்பதால் வகுப்பது.

தாள் இப்படி வந்தது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட்: 400 பேர், பயன் 1, நம்பிக்கை நூறு சதவீதம், உழைப்பு 2 ஆள்-மாதம், மதிப்பெண் 200. கைப்பேசி ஆப்: 400 பேர், பயன் 2, நம்பிக்கை 80 சதவீதம், உழைப்பு 5, மதிப்பெண் 128. இ-இன்வாய்ஸ் இணைப்பு: 60 பேர், பயன் 3, நம்பிக்கை 80 சதவீதம், உழைப்பு 3, மதிப்பெண் 48. எடிட் லாக் ஒற்றை இலக்கத்தில் நின்றது. எடை அறிக்கையைத் தாளில் ஏற்றவே இல்லை. நிறுவனர் வாக்குக் கொடுத்ததால் அது தனியாக மேலே எழுதப்பட்டிருந்தது.

கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அந்த வாய்ப்பாட்டில் ‘எப்போது’ என்பதற்கு இடமே இல்லை. ஆப் ஆகஸ்டுக்குப் பதில் நவம்பரில் வந்தாலும் அதன் மதிப்பெண் 128 தான். இ-இன்வாய்ஸ் ஜூலையில் வந்தாலும் 48, செப்டம்பரில் வந்தாலும் 48. உண்மையில் செப்டம்பரில் வரும் இ-இன்வாய்ஸ் அந்த அறுபது பேரில் பலரை இழந்த பிறகு வருவது. புராடக்ட் மேனேஜர் கூட்டத்தில் இதைத்தான் கேட்டார்: “இந்த அஞ்சுல எது ரெண்டு மாசம் தள்ளிப்போனா யாருக்கு என்ன ஆகும்னு தாள்ல எங்கீங்க சார் இருக்கு?” பதில் யாரிடமும் இல்லை. வரிசையை அன்று முடிவு செய்யாமல் ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள். அந்தக் காலாண்டின் மிகச் சரியான முடிவு அந்த ஒத்திவைப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

நேரில் பார்த்தது

அந்த வாரத்தில் புராடக்ட் மேனேஜரும் ஒரு டெவலப்பரும் 5 முதல் 10 கோடிக்குள் இருக்கும் சில யூனிட்டுகளுக்குப் போய், பில் போடும் நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெரும்பாலும் அது இரவு ஏழரை, எட்டு மணி. பேக்கிங் முடிந்து சரக்கு ஏறுகிறது, வண்டி வாசலில் நிற்கிறது, மேனேஜரோ முதலாளியின் மகனோ அவசரமாகப் பில் அடிக்கிறார். கணக்காளர் ஐந்தரைக்கே போய்விட்டிருப்பார். பல இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருபவர். ஜேசான் இறக்கு, போர்ட்டலில் நுழை, ஏற்று, ஐஆர்என் எடு, திரும்ப அச்சடி என்ற பழைய வழி இந்த இடத்தில் நடக்காது என்பது முதல் யூனிட்டிலேயே தெரிந்தது.

இன்னொன்றையும் கவனித்தார்கள். அடித்த பில்லில் பீஸ் எண்ணிக்கையோ ரேட்டோ தவறிப்போய், அதே இரவில் திரும்ப அடிப்பது சாதாரணமாக நடந்தது. இ-இன்வாய்ஸில் திருத்தம் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் ரத்து செய்யலாம், அவ்வளவுதான்; ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. அதனால் ‘பிறகு பார்க்கலாம்’ பட்டியலிலிருந்த ரத்து பட்டன் கட்டாயப் பட்டியலுக்கு வந்தது.

வாங்குபவர், விற்பவர் விவரங்கள் இருக்கும் பார்ட்டி மாஸ்டரைத் திறந்து பார்த்தபோதுதான் வேலையின் உண்மையான அளவு புலப்பட்டது. வாங்குபவரின் பின்கோடு கட்டாயம், அது மாநிலத்தோடு பொருந்தவும் வேண்டும். இந்த மென்பொருளில் பின்கோடு விருப்பக் கட்டமாக இருந்தது, பாதிப் பேர் நிரப்பியதே இல்லை. 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் எச்எஸ்என் எனப்படும் சரக்கு வகைக் குறியீட்டை ஆறு இலக்கத்தில் எழுத வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. பல யூனிட்டுகளில் பருத்தி டி-சர்ட்டுக்கு 610910 என்று இல்லாமல் வெறும் 6109 கிடந்தது. ஏபிஐ எழுதுவதைவிட இந்த மாஸ்டர்களைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. அதைச் செய்ய வேண்டியவர்கள் டெவலப்பர்கள் அல்லர், சப்போர்ட்டும் வாடிக்கையாளர்களும்தான். ரைஸ் தாளின் ‘3 ஆள்-மாதம்’ என்பதில் இது ஒரு மணி நேரம்கூடச் சேரவில்லை.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஒத்திவைத்த கூட்டம் மே இறுதியில் கூடியது. மதிப்பெண் தாளை எறியவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வைத்தார்கள்: தாமதமானால் இழப்பு எப்படி வளர்கிறது? ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தாமதத்தால் வரும் இழப்பு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஆப் தாமதமானால் சில புதிய விற்பனைகள் நழுவும். எப்போது செய்தாலும் பயன் அநேகமாக அதே அளவு. இ-இன்வாய்ஸ் ஜூலை 31 வரை இழப்பே தராது. ஆகஸ்ட் 1 அன்று மொத்தமும் ஒரேயடியாக விழும். ஐஆர்என் இல்லாத பில் சட்டத்தின் கண்ணில் பில்லே அல்ல. வாங்குபவருக்கு, கொடுத்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை சிக்கலாகும், அவர் பணத்தை நிறுத்துவார். ஒரு யூனிட்டின் பணவரவு நிற்பதை வேறு பலரின் சௌகரியத்தோடு ஒரே கூட்டலில் போட முடியாது. இ-இன்வாய்ஸ் முதலிடத்துக்கு வந்தது. மற்றவற்றின் வரிசைக்கு ரைஸ் மதிப்பெண்ணையே எடுத்துக்கொண்டார்கள்.

எடிட் லாக் விஷயத்தில் தேதி ஏற்கெனவே கடந்திருந்தது. ஆனால் அந்த விதி கம்பெனிகளுக்கு மட்டும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஒருவரே உரிமையாளராக உள்ள நிறுவனங்கள் அல்லது கூட்டாண்மை நிறுவனங்கள். பில் அட்டவணையில் மட்டும் யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதைப் பதிந்து, பில்லை அழிக்கும் வசதியை எடுத்துவிடும் சிறு துண்டை முதலில் செய்ய முடிவானது. முழு வேலை அடுத்த காலாண்டுக்குப் போனது.

கடினமானது எடை அறிக்கை. வாக்குக் கொடுத்தவர் நிறுவனர். அவரே போய்ப் பேச வேண்டும் என்று புராடக்ட் மேனேஜர் பிடிவாதமாக நின்றார். தானும் கூடப் போனார். அந்த முதலாளி முதலில் கோபப்பட்டார். “நான் கேட்டது போன தீபாவளிக்குங்க. இப்ப இன்னொருத்தருக்கு பில்லு போடணும்னு என் வேலையத் தள்றீங்க, அப்படித்தானே?” என்றார். மழுப்பாமல் ஆமாம் என்று சொல்லி, ஆகஸ்ட் 1 பற்றி விளக்கினார்கள். அவர் 10 கோடிக்கு மேல் உள்ளவர், ஏற்கெனவே ஜேசான் வழியில் இருப்பவர். அவருடைய கணக்காளர் பக்கத்து மேசையிலிருந்து, “அண்ணா, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல நான் உக்காந்து ஏத்தறது அதுதானுங்க” என்றார். இதனால் பேச்சு சற்றுத் தணிந்ததே தவிர அவர் சமாதானமாகவில்லை. லாட்வாரி எடைகளை எக்செல்லாக இறக்கித் தரும் சிறு வசதியை ஜூனில் தருவது, முழு அறிக்கை செப்டம்பரில் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

திட்டம்: தேதியிலிருந்து பின்னோக்கி

திறனைக் கணக்கிடும்போது ஆறு டெவலப்பர் என்று எழுதவில்லை. முந்தைய மூன்று மாதப் பதிவைப் பார்த்தால் எந்த வாரத்திலும் இருவருடைய நேரம் சப்போர்ட்டிலிருந்து வரும் பிழைகளுக்கே போயிருந்தது. ஆகவே நான்கு பேர். அந்த நான்கு பேரின் உழைப்பிலும் கட்டாய வேலைகள் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். இந்த வரம்பு மாஸ்கோ முறையோடு கூடவே வரும் பரிந்துரைதான். முன்பு முயன்றபோது பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டிருந்தார்கள்.

60 சதவீதத்துக்குள் அடங்க இ-இன்வாய்ஸையே வெட்ட வேண்டியிருந்தது. ஒரு வணிகர் இன்னொரு வணிகருக்குப் போடும் உள்நாட்டு (பி2பி) பில், கிரெடிட் நோட், ரத்து ஆகிய மூன்றும் உள்ளே. ஏற்றுமதி பில்லுக்கும் ஐஆர்என் வேண்டும், ஆனால் இந்த அளவு யூனிட்டுகளில் நேரடி ஏற்றுமதி செய்பவர்கள் குறைவு, அதற்கு அவசர இரவு பில்லிங்கும் இல்லை. அது பழைய ஜேசான் வழியிலேயே நின்றது. சரக்கு வண்டியோடு போகும் இ-வே பில்லைச் சேர்த்து எடுப்பதும் வெளியே.

காலண்டரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி டெவலப்மென்ட் சம்பந்தப்பட்டதே அல்ல. ஒவ்வொரு வாடிக்கையாளரும் போர்ட்டலில் நுழைந்து, ஜிஎஸ்பி எனப்படும் இடைநிலைச் சேவை நிறுவனத்தைத் தேர்ந்து, ஏபிஐக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்க வேண்டும். அதற்கு ஓடிபி வரும். அந்த ஓடிபி பல யூனிட்டுகளில் முதலாளியின் கைப்பேசிக்கு வராது, ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகும். ஜிஎஸ்டி பதிவின்போது அவர்களுடைய எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். ஆடிட்டர் அலுவலகம் எப்போது போனை எடுக்கும்? மாதந்தோறும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்கள். அதோடு ஜூலை 31 வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். எஞ்சிய ஒரே இடைவெளி ஜூன் 21 முதல் ஜூலை 7 வரை. சப்போர்ட்டில் இருந்த அனுபவத்தால் புராடக்ட் மேனேஜர் இதை ஒரே பார்வையில் சொன்னார். போர்ட்டல் பதிவு, மாஸ்டர் சுத்தம் இரண்டையும் அந்த இடைவெளியில் வைத்து, அதற்குள் நிரல் முடிந்திருக்க வேண்டியதில்லை என்று பிரித்தார்கள். பின்கோடு இல்லாத பார்ட்டிகள், தவறான ஜிஎஸ்டி எண்கள், குறைந்த இலக்க எச்எஸ்என் ஆகியவற்றைக் காட்டும் ஒரு பட்டியல் மட்டும் ஜூன் நடுவில் எல்லோருக்கும் போனது. ஜூலை 15-க்குப் பிறகு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, முன்வந்த சில யூனிட்டுகளில் சோதனை மட்டும்.

ஜூலையும் ஆகஸ்டும்

சோதனைத் தளத்தில் முதலில் தட்டியது பில் எண். 0, சாய்கோடு, சிறுகோடு ஆகியவற்றில் தொடங்கும் எண்ணை போர்ட்டல் ஏற்காது. ஏப்ரலில் 001 என்று தொடங்கி வருடம் முழுக்க ஓட்டும் பழக்கம் பல யூனிட்டுகளில் உண்டு. வருட நடுவில் வரிசையை மாற்றலாமா என்று ஆடிட்டர்களைக் கேட்டு, ஆகஸ்ட் 1 முதல் முன்னெழுத்து சேர்த்த தனி வரிசை தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிரல் தாங்கியது. சில இரவுகளில் பதில் வரத் தாமதமானபோது மென்பொருள் அதே பில்லை மறுபடி அனுப்பியது. முதல் முறையே ஐஆர்என் உருவாகிவிட்டிருந்ததால் ‘இரட்டைப் பதிவு’ என்ற பிழை திரும்பியது. வண்டி நிற்கும்போது அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாமல், முதலில் பில் எண்ணை வைத்து ஐஆர்என் இருக்கிறதா என்று போர்ட்டலைக் கேட்கும்படி மாற்றி இரண்டு நாளில் வெளியிட்டார்கள். இதற்கு ஆள் கிடைத்தது, கட்டாய வேலைகள் போக மிஞ்சிய 40 சதவீதத்தில் ஒரு பகுதியை ஆகஸ்டுக்கும் காலியாக வைத்திருந்ததால்தான்.

எதிர்பாராத நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அறுபது பேர் என்ற பட்டியல் முந்தைய ஆண்டு விற்றுமுதலை மென்பொருளிலிருந்தே எடுத்துத் தயாரித்தது. விதியோ 2017-18 முதல் எந்த ஓர் ஆண்டிலாவது 5 கோடி தாண்டியிருந்தால் போதும் என்கிறது, அதுவும் ஒரே பான் எண்ணின் கீழுள்ள எல்லாப் பதிவுகளையும் சேர்த்து. கொரோனாவுக்கு முன் நன்றாக ஓடி பிறகு சுருங்கிய யூனிட்டுகள், வேறு மென்பொருளில் இன்னொரு கிளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆகஸ்ட் முதல் வாரத்தில், வாங்குபவர் பில்லைத் திருப்பி அனுப்பிய பிறகு, சப்போர்ட்டை அழைத்தார்கள். கிட்டத்தட்ட இருபது பேர். அவர்களுக்கு மாஸ்டர் சுத்தமும் போர்ட்டல் பதிவும் ஒரே நாளில் நடக்க வேண்டியிருந்தது. சப்போர்ட் நால்வரும் இரவு பத்து வரை இருந்தார்கள். சில யூனிட்டுகளில் சரக்கு ஓரிரு நாள் வாசலிலேயே நின்றது.

பின்விளைவு

இ-இன்வாய்ஸ் காரணமாக ஒரு வாடிக்கையாளரும் விலகவில்லை. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வேகமானது செப்டம்பரில். எடை அறிக்கை எழுத்தில் கொடுத்த தேதிக்குப் போனது. ஆனாலும் அந்த முதலாளி வருடப் பராமரிப்புக் கட்டணத்தை அக்டோபர் வரை நிறுத்திவைத்தார். கைப்பேசி ஆப் இல்லாததால் பேச்சில் இருந்த இரண்டு புதிய யூனிட்டுகள் வேறு மென்பொருளுக்குப் போயின. விற்பனைப் பிரிவு இதை இன்றும் நினைவூட்டுகிறது, அது நியாயம்தான். தள்ளிவைத்த வேலைக்கு உண்மையான விலை இருந்தது. முதலில் வைத்த வேலையின் விலை அதைவிடப் பெரியது என்பதே அன்றைய தீர்ப்பு.

மாற்றியவையும் இன்னும் தீராததும்

விதியால் வரும் தேவைகளுக்கு இப்போது தனிப் பதிவேடு இருக்கிறது. அறிவிக்கை வந்த அன்றே அது யாருக்குப் பொருந்தும் என்பதை விதியின் சொற்களிலிருந்தே எழுதுகிறார்கள். பிறகு அந்த வரையறையை வைத்து வாடிக்கையாளர்களைக் கேட்கிறார்கள். மென்பொருளில் கிடக்கும் எண்ணை மட்டும் நம்பி எண்ணுவதில்லை. உழைப்பு மதிப்பீட்டில் சப்போர்ட்டின் நேரமும் வாடிக்கையாளர் செய்ய வேண்டிய வேலையும் தனி வரிகளாக ஏறுகின்றன.

பதிவேட்டின் முதல் சோதனை 2024 தொடக்கத்தில் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் தராவிட்டால், தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2023-24 கணக்காண்டுக்குப் பொருந்தியது. மார்ச் நெருங்க நெருங்கத் திருப்பூரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நாள்வாரி நிலுவைப் பட்டியல் மென்பொருளில் ஜனவரியிலேயே வந்துவிட்டது. இந்த முறை யாருக்கெல்லாம் பொருந்தும் என்று பார்க்க குறு, சிறு நிறுவனங்களின் அரசுப் பதிவான உத்யம் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறும் கட்டத்தை அதற்கும் முன்பே பார்ட்டி மாஸ்டரில் சேர்த்திருந்தார்கள்.

தீராதது சப்போர்ட்டுக்குப் போகும் அந்த இரண்டு டெவலப்பர்களின் நேரம். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் சரியான பிறகு அது குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை, அழைப்புகள் வேறு இடத்துக்கு நகர்ந்தன. அந்தப் பதிவுகளை வகை பிரித்துப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு காலாண்டிலும் பட்டியலில் எழுதுகிறார்கள், தேதியுள்ள வேறொன்று வந்து அதைக் கீழே தள்ளிவிடுகிறது. அதற்கும் ஒரு தேதி குறித்து, அந்த வாரத்துக்கு ஒரு டெவலப்பரை முழுவதுமாக ஒதுக்க வேண்டும் என்று புராடக்ட் மேனேஜர் கேட்டிருக்கிறார். நிறுவனர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.